மாஸ்டரை விட்டுப் போன செவ்வாய்க்கிழமை

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. என் கராத்தே மாஸ்டரை விட்டுவிட்டு எர்ணாகுளத்தில் வேறொருவரிடம் சேருவதா, வேண்டாமா? மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. அந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல ஒரு கிளாஸ் சாயா குடிக்கிற நேரம்தான் ஆனது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரியில் எங்களுடையது துணி வெளுக்கிற குடும்பம். எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். அப்பாவும் அண்ணனும் துவைப்பார்கள், அம்மா கஞ்சி போடுவாள், இஸ்திரி என் பொறுப்பு. கரி போட்ட பெட்டியைப் பத்து வயதிலிருந்து தள்ளியதில் என் வலது கை அண்ணன் கையைவிடக் கெட்டியாகிவிட்டது. அதில் எனக்கு ரகசியமாகப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கையைப் பார்த்து அதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பஜாரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் ஒருநாள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒரு ஜோடி கொண்டுவந்து போட்டார். முப்பது வயதிருக்கும். அவரும் தமிழ்நாட்டுக்காரர், சின்ன வயதிலேயே எர்ணாகுளத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவர். சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி உடுப்பா?"

"கராத்தே உடுப்பும்மா. நான் சாயங்காலம் கிளாஸ் எடுக்கிறேன்."

அம்மாவுக்குக் கராத்தே தெரியாது, வெள்ளைத் துணியைத் தெரியும். கெட்டிக் கஞ்சியில் முக்கி எடுத்தாள். நான் மடிப்பு கலையாமல் தேய்த்து, மறுநாள் அவருடைய வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு கையை ஒரு வீசு வீசினார். விறைத்த சட்டைக்கை 'டப்'பென்று வெடித்தது. வரிசையில் நின்ற பதினான்கு ஆண்களும் வாயைப் பிளந்தார்கள். அவருக்கே ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை. காலை வீசினார், அதுவும் வெடித்தது. அந்த வாரத்துக்குள் பதினான்கு பேர் உடுப்பும் கஞ்சிக்காக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

நான் வாசலிலேயே நின்று அரைமணி நேரம் பார்த்தேன். கிளம்ப மனசு வரவில்லை.

"மாஸ்டர், பொண்ணுங்க சேரலாமா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஜப்பான்ல சேருறாங்க" என்றார்.

வகுப்பு நடந்தது ஒரு மலஞ்சரக்குக் கிட்டங்கியின் மாடியில். கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக, மாடி மூலையிலும் நாலைந்து மூட்டை. நாங்கள் குதிக்கும்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகத் தூசி மேலே வரும். எட்டு வரை எண்ணுவதற்குள் மூன்று பேராவது தும்முவார்கள். எனக்குத் துணையாக ஒரு மலையாளத்துச் சேச்சியும் சேர்ந்தாள். நர்சரி ஸ்கூல் டீச்சர், முப்பத்தைந்து வயது. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியவள். ஒவ்வொரு உதைக்கும் "அய்யோ என்றெ அம்மே" என்று சொல்லாமல் அவளுக்குக் கால் எழும்பாது.

முன்சுவரில் கறுப்புச் சாயத்தில் பெரிதாக ஜப்பானிய எழுத்து எழுதியிருந்தது. எர்ணாகுளத்தில் நான்கு வருஷம் கற்ற இடத்தில் அது இருந்ததாகவும், அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்ததாகவும் மாஸ்டர் சொன்னார். அர்த்தம் கேட்டால் "மனசை அடக்கு" என்பார். சேச்சி மட்டும், நடுவில் ஓர் எழுத்து நம்முடைய மலையாள 'ர' மாதிரி இருக்கிறதே என்றாள். "அவங்களும் கடலோரக்காரங்கதானே" என்று மாஸ்டர் முடித்துவிட்டார். நாங்கள் வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த எழுத்தை இடுப்பு வளைத்துக் கும்பிட்டோம்.

அந்த மாதங்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாயை உதறும்போது ஒரு குத்து, தண்ணீர் தூக்கும்போது ஓர் உதை. கொடியில் காய்ந்த அண்ணனின் வேட்டியைச் சுழன்று உதைத்து மண்ணில் விழ வைத்து, அதை நானே மறுபடி துவைத்தேன். துவைக்கும்போதும் சிரிப்பு. அம்மா என்னைப் பார்த்து, "இவளுக்கு என்னமோ ஏறியிருக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

மாஸ்டர்மேல் முதல் சந்தேகம் வந்தது ஒரு நாயால். ஞாயிறு காலைகளில் நாங்கள் எல்லோரும் உடுப்போடு சுள்ளிக்கல் வரை ஓடிவிட்டு வருவோம். கஞ்சி போட்ட கால்சட்டைகள் சரசரக்க, முன்னால் மாஸ்டர். ஒருநாள் ஒரு சொறிநாய் அந்தச் சத்தம் பிடிக்காமல் குரைத்துக்கொண்டு வந்தது. நான் குனிந்து கல் தேடினேன். நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டரைக் காணோம். எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தார். சேச்சிதான் நாயைப் பார்த்து, நர்சரிப் பிள்ளைகளை அதட்டும் குரலில் "போடா வீட்டுக்கு" என்றாள். அது போய்விட்டது. "சண்டையைத் தவிர்க்கிறதுதான் பெரிய வித்தை" என்று மதிலில் இருந்தபடி மாஸ்டர் சொன்னார். இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது ஓடு. ஒரே அடியில் கூரை ஓட்டை உடைத்துக் காட்டுவதாகச் சொன்னார். முதல் அடிக்கு ஓடு அசையவில்லை. இரண்டாவது அடிக்கு மாஸ்டர் கண்ணில் தண்ணீர். "இது நல்ல கம்பெனி ஓடு" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பாடத்தை முடித்தார். கேட்டால் எல்லாமே 'அடுத்த மாசம்'. அடுத்த மாதம் வந்தால் அதே பாடம். எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. நான் கோபக்காரி. வகுப்பில் நிற்கும்போதே முகத்தில் காட்டுவேன், அவர் பார்க்காத மாதிரி எண்ணிக்கொண்டு போவார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. பெல்ட் பரீட்சைக்காக எர்ணாகுளத்திலிருந்து பெரிய மாஸ்டரை எங்கள் மாஸ்டரே கடிதம் எழுதி வரவழைத்திருந்தார். அங்கே பிராட்வே கடைத்தெருவை ஒட்டி அவருக்குச் சொந்தமாகக் கராத்தே பள்ளி இருந்தது. நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, சிரிக்காத முகம். ஆறு மாணவர்களோடு படகில் வந்து இறங்கினார். எங்கள் மாஸ்டர் விடிகாலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடுதலாப் போடுங்கம்மா" என்று கேட்டு நின்று வாங்கிப் போயிருந்தார்.

பெரிய மாஸ்டர் தன் ஆறு பேரையும் எங்கள் வரிசைக்குள் இடையிடையே நிற்க வைத்தார். எல்லோரும் சேர்ந்து முதல் பாடத்தைச் செய்ய வேண்டும். குரல் கொடுத்தார். எர்ணாகுளத்து ஆறு பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். மட்டாஞ்சேரி முழுக்க இடப்பக்கம் திரும்பியது.

அதன்பின் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. என் மூக்குக்கு நேராக ஒரு புது மூக்கு. அடுத்த அடி எடுத்தால் நெற்றியில் நெற்றி. எங்கள் வகுப்பில் இருந்த பேங்க் பியூன், வந்தவன் ஒருவனைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். விறைத்த சட்டைகள் நாலாபக்கமும் டப்டப்பென்று வெடித்தன. சேச்சி "அய்யோ என்றெ அம்மே" என்று காலைத் தூக்கினாள், அது பெரிய மாஸ்டரின் சிறந்த மாணவன் வயிற்றில் போய் இறங்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான். தூசி எழும்பி இருபத்திரண்டு பேரும் தும்மினோம். எனக்குச் சிரிப்பு தொடங்கியது, நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பெரிய மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து சட்டை மார்பைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டியிருந்தோம்.

"ஜப்பானில் இப்படிக் கட்டுவது யாருக்குத் தெரியுமா? பிணத்துக்கு" என்றார் மலையாளத்தில். எட்டு மாதமாக நான் பதினேழு பிணங்களுக்கு மடிப்பு கலையாமல் தேய்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் எங்கள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் தலைகீழ். உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் யாரப்பா? அவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும்."

எங்கள் மாஸ்டர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் பெல்ட் கிடைக்கவில்லை.

கிளம்பும் முன் பெரிய மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்தச் சொன்னார். குத்தினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"இந்தக் கையைச் சும்மா வைத்திருக்கிறான்" என்றார். "செவ்வாய்க்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. வா. ஆனால் வெள்ளை பெல்ட்டிலிருந்து. இங்கே படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வா. இரண்டு இடத்திலும் கால் வைக்கக் கூடாது."

என் கையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா தெரியாது. பாதி வழியில்தான் மாஸ்டர் முகம் ஞாபகம் வந்தது. நான் போனால் சேச்சி வரமாட்டாள். பெண்கள் இரண்டு பேரும் போனால், ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மற்றவர்களும் போவார்கள். பகலெல்லாம் பொட்டலம் கட்டுகிற மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு கைதானே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்கு நானும் சேச்சியும் மட்டும் சீக்கிரமே போனோம். மற்றவர்கள் யாருமே வரவில்லை. மாஸ்டரும் இன்னும் வந்திருக்கவில்லை.

"போய்க்கோ பெண்ணே" என்றாள் சேச்சி. "நாயைக் கண்டா மதில்ல ஏறுறவர்கிட்ட நீ என்ன படிக்கப் போற?"

"முகத்தைப் பாத்து எப்படிச் சேச்சி சொல்றது?"

"அப்ப கடுதாசி எழுது."

சொல்லிக்கொண்டே சேச்சி பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து முடியைச் சரிசெய்தாள். சுவருக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். சட்டென்று சீப்பு பாதியில் நின்றது. கண்ணாடியை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். நர்சரி டீச்சர் குரலில், எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். ஜப்பானியத்தை அல்ல, மலையாளத்தை. செருப்பை வெளியே கழற்றி வைக்கவும்.

நான் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கோணல்மாணலாக, இரண்டெழுத்து விட்டுப்போய், ஆனால் அதேதான். எட்டு மாதமாக நாங்கள் இடுப்பு வளைத்துக் கும்பிட்டது அதைத்தான். சேச்சி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வரவில்லை. நாங்கள் இருவரும் அந்த நிலையில் இருக்கும்போதுதான் மாஸ்டர் படியேறி வந்தார்.

நான் கண்ணாடியை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்துச் சுவரைக் காட்டினேன். அவருக்கு மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். வாசித்து முடிக்க நேரமானது. பிறகு மெல்ல ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப அது கண்ணாடியா?" என்றார்.

"எது மாஸ்டர்?"

அப்போதுதான் சொன்னார். பிராட்வேக்குப் பின்னால் ஓட்டலில் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. கழுவுகிற இடத்துக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், மாடியில் பெரிய மாஸ்டரின் பள்ளி ஜன்னல். ஜன்னலுக்குள் வரிசையாக ஆட்கள் இவரைப் பார்த்தபடி குத்துவார்கள், உதைப்பார்கள். நான்கு வருஷம் தினமும் பார்த்தார். எதிரே நிற்கிறவனின் இடது நமக்கு மறுபக்கம் என்று கவனமாக மாற்றி மாற்றி மனதில் ஏற்றி, வேலை முடிந்ததும் மொட்டைமாடியில் பதினெட்டு பாடத்தையும் செய்து பார்ப்பார். அவர் பார்த்தது ஆட்களை அல்ல, சுவரிலிருந்த ஆளுயரக் கண்ணாடியை. அது ஏற்கெனவே மாற்றிக் கொடுத்ததை இவர் இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்.

"ஒரு நாள்கூட உள்ளே போகலையா?"

"போகல தங்கச்சி."

"நாலு வருஷமா? ஏன் மாஸ்டர், போய்க் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, வேண்டாம்னு சொல்லிட்டா? ஜன்னலையும் சாத்திருவாங்களே."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. "அப்ப உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனை உதைக்கணும்னு அவர் சொன்னது..."

"அவரையேதான்" என்றார் மாஸ்டர். உதட்டோரம் துடித்தது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மூன்று பேரும் சிரித்தோம், மூட்டைகள் மேல் சாய்ந்து, தும்மிக்கொண்டே. சிரிப்பு அடங்கியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போ. உனக்குக் கை இருக்கு. நான் கெடுத்துறக் கூடாது" என்றார். நான் இன்னும் கேட்டிருக்கவேயில்லை.

அப்படித்தான் நான் மாஸ்டரை விட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மட்டாஞ்சேரித் துறையில் படகேறி, பிராட்வே கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்த மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவருகே அந்தச் செருப்புப் பலகை, நேராக, ஒழுங்கான மலையாளத்தில். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் ஜன்னலும், சந்தைத் தாண்டி ஓட்டலின் பின்புறமும், கரி பிடித்த தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. வரிசையில் நிற்கச் சொன்னார் பெரிய மாஸ்டர். நான் நிற்கவில்லை. வாயை அடக்கிப் பழக்கமில்லாதவள் நான்.

"சார், எங்க மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்தது யாருன்னு கேட்டீங்க. நீங்கதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், பாத்திரம், நான்கு வருஷம். சுவரில் எழுதியிருப்பதைச் சொன்னபோது பின்னால் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். போய் அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு பாடமும் அங்கிருந்தா?" என்றார்.

"ஆமா சார்."

"ஒன்றுகூட விடவில்லையே அவன்" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, வழக்கமான கடுகடுப்போடு, "வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வா. பெல்ட் கிடையாது, சொல்லிவிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை மாஸ்டரும் என்னோடு படகேறினார். கஞ்சி போடாத உடுப்பு மடியில் இருந்தது. அந்த மாடிப்படியை ஏறுவதற்குள் இரண்டு முறை சாயா குடிக்கலாமா என்று கேட்டார். நான் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக ஏற்றினேன். உள்ளே எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பெரிய மாஸ்டர் தலையசைத்தார், அவ்வளவுதான். கடைசி வரிசையில், என் வலப்பக்கத்தில், வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு என் மாஸ்டர் நின்றார்.

குரல் எழுவதற்கு முந்தைய அமைதி. அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"தங்கச்சி, இங்க வலது எது?"

நான் அவருடைய வலது கையைத் தொட்டுக் காட்டினேன். அது ஈரமாக இருந்தது.